எழுதாமல் விட்ட வாக்கியம்: ஆய்வுக் கட்டுரையில் வாதம் கட்டுவதும் ஓட்டை கண்டுபிடிப்பதும்

ஆய்வுக் கட்டுரை எழுதத் தொடங்கும் பலரும் தர்க்கப் பிழைகளின் பட்டியல் ஒன்றை எங்கிருந்தாவது எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். ஆளைத் தாக்குவது, சுற்றிச் சுற்றி ஒன்றையே சொல்வது, அவசரப்பட்டுப் பொதுமைப்படுத்துவது என்று இருபது முப்பது பெயர்கள் இருக்கும். மனப்பாடம் செய்வது எளிது. அடுத்தவர் கட்டுரையில் கண்டுபிடிப்பது அதைவிட எளிது. சொந்தக் கட்டுரைக்கு வரும்போதுதான் பட்டியல் கைகொடுக்காது. காரணம், நம் கட்டுரையில் பிழை இருக்கும் இடத்தில் பெரும்பாலும் எழுத்தே இருக்காது. சான்றுக்கும் முடிவுக்கும் நடுவே ஒரு வாக்கியம் இருந்திருக்க வேண்டும். நமக்கு அது சொல்லாமலே விளங்குவதாகப் பட்டதால் எழுதாமல் தாண்டியிருப்போம். ஓட்டை அங்கேதான்.

அந்த வாக்கியத்தை எப்படித் தேடிப் பிடிப்பது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். பிழைகளின் பெயர்களும் வரும், ஆனால் கொஞ்சம் பின்னால்.

முதல் படி: கூற்றை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

தலைப்பு வேறு, கூற்று வேறு. 'சமூக ஊடகமும் மாணவர்களும்' என்பது தலைப்பு. 'சமூக ஊடகம் மாணவர்களைப் பாதிக்கிறது' என்பது கூற்று மாதிரித் தெரியும். ஆனால் இதை யாரும் மறுக்கப் போவதில்லை. எந்த ஊடகம், எந்த மாணவர்கள், எதில் பாதிப்பு என்று எதுவுமே இல்லாததால் மறுக்கப் பிடிமானம் இல்லை. 'படுக்கைக்குப் போன பிறகும் கைபேசி பார்க்கும் முதலாண்டு மாணவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகத் தூங்குகிறார்கள்' என்று எழுதினால் ஒருவர் 'அப்படி இல்லையே' என்று சொல்ல வழி பிறக்கிறது. அந்த வழி இருந்தால்தான் அது வாதம்.

சோதிப்பது எளிது. உங்கள் கூற்றைத் தலைகீழாக எழுதிப் பாருங்கள். அந்தத் தலைகீழ் வாக்கியத்தை நிதானமுள்ள ஒருவர் நம்பக்கூடும் என்றால் உங்களிடம் கூற்று இருக்கிறது. யாருமே நம்பமாட்டார்கள் என்றால் நீங்கள் வாதிட ஒன்றும் இல்லை.

அப்புறம், அது எந்த வகைக் கூற்று என்று பாருங்கள். ஒன்று நடக்கிறது என்று சொல்லலாம். அது இன்னதால் நடக்கிறது என்று சொல்லலாம். அது நல்லது அல்லது கெட்டது என்று சொல்லலாம். ஆகவே இன்னதைச் செய்ய வேண்டும் என்றும் சொல்லலாம். இந்த நான்குக்கும் தேவைப்படும் சான்று வெவ்வேறு. புதிதாக எழுதுபவர்கள் முதல் வகைக்குச் சான்று காட்டிவிட்டு நான்காவது வகையில் போய் முடிப்பார்கள். நடுவில் இரண்டு படிகள் காணாமல் போயிருக்கும்.

இரண்டாம் படி: நடுவில் விட்ட வாக்கியத்தை எழுதுங்கள்

இது ஒரு கற்பனைப் பத்தி. ஆனால் இந்த வகைப் பத்தியை எந்தத் துறையிலும் பார்க்கலாம்:

"நூலகத்துக்கு அடிக்கடி வரும் மாணவர்கள் வராதவர்களைவிட அதிக மதிப்பெண் பெறுகிறார்கள் என்று எங்கள் தரவு காட்டுகிறது. ஆகவே வாரத்துக்கு மூன்று மணி நேர நூலக வருகையைக் கட்டாயமாக்க வேண்டும்."

படிக்கும்போது சரியாகத்தான் இருக்கிறது. இப்போது 'ஆகவே' என்ற சொல்லில் நின்று, 'இது சரியாக இருக்க வேறு எவையெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும்?' என்று கேளுங்கள். வரும் விடைகளை முழு வாக்கியங்களாக எழுதுங்கள்.

நூலகத்துக்கு வருவதுதான் மதிப்பெண்ணை உயர்த்துகிறது. ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்கள்தான் நூலகத்துக்கு வருகிறார்கள் என்பது இல்லை. வருகையையும் மதிப்பெண்ணையும் சேர்த்தே உயர்த்தும் மூன்றாவது காரணம், உதாரணமாக வேலைக்குப் போகாமல் படிக்கும் வசதி, எதுவும் பின்னால் இல்லை. விரும்பி வருபவருக்குக் கிடைக்கும் பயன் கட்டாயத்தால் வருபவருக்கும் கிடைக்கும். அந்த மூன்று மணி நேரத்தை வேறு எதில் செலவிட்டாலும் இந்த அளவு பயன் வராது. மதிப்பெண் உயர்வது மாணவர்களின் சுதந்திரத்தைச் சற்றுக் குறைக்கும் அளவுக்கு முக்கியமானது.

ஒரு 'ஆகவே'க்குள் ஆறு வாக்கியங்கள் ஒளிந்திருந்தன. இவற்றில் ஒன்றுக்குக்கூடப் பத்தியில் சான்று இல்லை. கவனியுங்கள், எந்தப் பிழையின் பெயரும் தெரியாமலே இவ்வளவையும் கண்டுபிடித்துவிட்டோம்.

தத்துவ அறிஞர் ஸ்டீபன் டூல்மின் 1958-ல் முன்வைத்த வாத அமைப்பில் இந்த இணைப்பு வாக்கியத்துக்குத் தனி இடமே உண்டு. சான்றிலிருந்து முடிவுக்குப் போக உரிமை தரும் வாக்கியம் என்று அதைச் சொல்லலாம். நமக்கு இது புதிதும் இல்லை. மணிமேகலையின் 29-ஆவது காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் இதைத்தான் கற்பிக்கிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகை இருப்பதால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களை போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. அந்த அடுக்களை அழகுக்காக வரவில்லை. புகை உள்ள இடத்தில் நெருப்பு இருக்கும் என்ற இணைப்பைத் தாங்குவதற்காக வருகிறது. அதே காதை போலி வாதங்களையும் வகைப்படுத்துகிறது: பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10. காரணம் காட்டும் இடத்தில்தான் வகைகள் அதிகம் என்பதைப் பாருங்கள். இன்றைய ஆய்வேடுகளைப் பிரித்துப் பார்த்தாலும் கணக்கு ஏறக்குறைய அப்படித்தான் வரும் என்பது என் எண்ணம்.

மூன்றாம் படி: சான்று தாங்கும் அளவுக்குக் கூற்றைக் குறையுங்கள்

இணைப்பு வாக்கியங்களை எழுதிய பிறகு ஒவ்வொன்றுக்கும் மூன்று வழிகள் உண்டு. சான்று தேடலாம், எந்த நிபந்தனையில் அது பொருந்தும் என்று சொல்லலாம், முடியாவிட்டால் கூற்றைச் சுருக்கலாம். மூன்றாவது வழியைத் தோல்வி என்று நினைத்துத்தான் பலர் தவிர்க்கிறார்கள். ஆனால் மதிப்பீட்டாளர் பார்வையில், தாங்காத பெரிய கூற்றைவிடத் தாங்கும் சிறிய கூற்றுக்கே மதிப்பு.

நூலகப் பத்தி இப்படி மாறலாம்: "நாங்கள் ஆய்ந்த துறையில் நூலகத்துக்கு அடிக்கடி வருபவர்களின் மதிப்பெண் உயர்வாக இருக்கிறது. முந்தைய ஆண்டு மதிப்பெண் ஒரே அளவில் இருந்தவர்களை மட்டும் ஒப்பிட்டபோதும் இந்த வேறுபாடு மறையவில்லை. எனவே வருகைக்கும் பங்கு இருக்கக்கூடும். கட்டாய வருகை அதே பயனைத் தருமா என்பதை இந்தத் தரவைக் கொண்டு சொல்ல முடியாது." இரண்டாவது வாக்கியத்தை எழுத நீங்கள் உண்மையிலேயே அந்த ஒப்பீட்டைச் செய்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சான்று நிறைய இருந்தால் கூற்றும் பெரிதாக இருக்கலாம் என்பதும் எப்போதும் சரியில்லை. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ் ஒரு கோடிப் பேருக்கு வாக்கெடுப்பு அட்டை அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. ஆல்ஃப் லாண்டன் வெல்வார் என்றது இதழ். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். முகவரிகள் பெருமளவு தொலைபேசி வைத்திருப்போர், கார் வைத்திருப்போர் பட்டியல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. அதுபோக, சிரமம் பார்க்காமல் அட்டையைத் திருப்பி அனுப்பியவர்கள் அனுப்பாதவர்களைப் போலவே வாக்களிப்பவர்கள் என்று கொள்ளவும் காரணமில்லை. இருபது லட்சம் பதில்களுக்கும் தேர்தல் முடிவுக்கும் நடுவே எழுதப்படாமல் இருந்த வாக்கியம்: 'பதில் அனுப்பியவர்கள் எல்லா வாக்காளர்களையும் போன்றவர்கள்.'

ஆகவே 'மாணவர்கள்', 'மக்கள்', 'பெண்கள்', 'நவீன கவிஞர்கள்' என்று மொட்டையாக எழுதும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, யாரைப் பற்றிய சான்று உங்கள் கையில் இருக்கிறது என்று பாருங்கள். சரி, அதற்காக எல்லா வாக்கியத்திலும் 'ஒருவேளை', 'கூடும்', 'எனலாம்' என்று தூவவும் வேண்டாம். அது தப்பித்துக்கொள்வது. எந்த இடத்தில் எதனால் உறுதி இல்லை என்பது தெரிய வேண்டும்.

நான்காம் படி: எதிர்ப்பை நீங்களே எழுப்புங்கள்

இதற்கு நான் கண்டவற்றில் மிக நல்ல பாடம், புகைபிடித்தலும் நுரையீரல் புற்றுநோயும் பற்றி ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1950-ல் வெளியிட்ட கட்டுரை. லண்டன் மருத்துவமனைகளில் 709 நுரையீரல் புற்றுநோயாளிகளையும், ஒப்பீட்டுக்காக வேறு நோயாளிகள் 709 பேரையும் எடுத்துக்கொண்டார்கள். ஆண்களில் இரு பக்கமும் 649 பேர். புற்றுநோயாளிகளில் புகைக்காதவர்கள் 2 பேர். மற்றவர்களில் 27 பேர்.

இந்த எண்களைப் பார்த்தவுடன் 'ஆகவே' என்று கை பரபரக்கும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. இதனாலேயே புகைதான் காரணம் என்று ஆகிவிடாது என்று அவர்களே எழுதினார்கள். புற்றுநோய் வந்ததால் புகைக்கத் தொடங்கியிருந்தாலும், இரண்டையும் விளைவிக்கும் பொதுக் காரணம் ஒன்று இருந்தாலும் இதே எண்கள் வரும் என்று மாற்று விளக்கங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். கேள்வி கேட்டவர்கள், எதிரில் இருப்பவர் புற்றுநோயாளி என்று தெரிந்ததால் ஒருபக்கமாகப் பதிவு செய்திருப்பார்களோ என்ற சந்தேகத்தைத் தீர்த்த விதம் அபாரம். நேர்காணலின்போது புற்றுநோய் என்று கருதப்பட்டு, பின்னர் அந்த நோய் இல்லை என்று தெரியவந்தவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுடைய புகைப் பழக்கத்தைத் தனியே எடுத்துப் பார்த்தால் அது புற்றுநோய் இல்லாதவர்களின் பழக்கத்தோடு ஒத்திருந்தது. பதிவு செய்தவர்களின் சாய்வு காரணமாக இருந்திருந்தால் அப்படி இருந்திருக்காது.

அதன் பிறகும் எதிர்ப்பு வந்தது, அதுவும் புள்ளியியலின் பெரிய ஆளான ரொனால்டு ஃபிஷரிடமிருந்து. புகைக்கத் தூண்டும் மரபுக் கூறே புற்றுநோய்க்கும் காரணமாக இருக்கலாமே என்றார். ஃபிஷர் பைப் புகைப்பவர். புகையிலை நிறுவனங்களின் குழுவுக்கு ஆலோசகராகவும் இருந்தவர். அதைச் சொல்லி அவர் வாயை அடைப்பது எளிது. அப்படிச் செய்தால் அவருடைய வாதம் பதிலில்லாமல் அப்படியே நிற்கும். புள்ளியியலாளர் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் உடனிருந்தவர்களும் 1959-ல் வாதத்துக்கே பதில் சொன்னார்கள். புகைப்பவர்களுக்கு நோய் ஒன்பது மடங்கு அதிகம் என்றால், அதை முழுக்க விளக்கும் மரபுக் கூறு புகைப்பவர்களிடம் குறைந்தது ஒன்பது மடங்கு அதிகமாக இருந்தாக வேண்டும். அப்படி ஒன்றை யாராலும் காட்ட முடியவில்லை. புகையை விட்டவர்களுக்கு ஆபத்து குறைவதையும் அந்த மரபுக் கூறால் விளக்க முடியாது. பழக்கத்தை விட்டால் மரபணு மாறிவிடுவதில்லையே.

உங்கள் கட்டுரைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய வேலை: முடிவுக்கு முன் ஒரு பத்தி ஒதுக்கி, உங்கள் சான்றுக்குப் பொருந்தும் வேறு விளக்கங்களில் மிக வலுவான இரண்டை எழுதுங்கள். நோஞ்சானான எதிர்ப்பை நிறுத்தி வைத்து அடித்து வீழ்த்துவதில் பயனில்லை. அந்த விளக்கம் உண்மையாக இருந்தால் தரவில் வேறு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். அது தெரிகிறதா என்று பாருங்கள்.

இனி, அடிக்கடி கண்ணில் படும் ஓட்டைகள்

வட்ட வாதம் என்பது மாணவர் கட்டுரையில் வேறு உடை போட்டு வரும். 'இந்தக் கவிதை சிறந்தது, ஏனெனில் உயர்ந்த இலக்கியத் தரம் கொண்டது' என்பதில் காரணம் என்று எதுவுமே இல்லை. முடிவுதான் இரண்டு முறை சொல்லப்பட்டிருக்கிறது. வரையறை வழியாக வருவது இன்னும் நுட்பமானது. 'உண்மையான ஜனநாயக நாடுகள் ஒன்றோடொன்று போரிடுவதில்லை' என்று எழுதிவிட்டு, எதிர் உதாரணம் வரும்போதெல்லாம் 'அது உண்மையான ஜனநாயகம் இல்லை' என்று தள்ளினால், பிறகு எந்தச் சான்றாலும் அந்தக் கூற்றைத் தொட முடியாது. வரையறையை முதலிலேயே எழுதி, அதை நகர்த்தாமல் வைத்திருப்பதுதான் இதற்கு மருந்து.

பொம்மை எதிரியை உருவாக்கி அடிப்பது பெரும்பாலும் முன்னாய்வு மதிப்பீட்டுப் பகுதியில் நடக்கும். 'சிலர் மொழி என்பது வெறும் கருவி என்று கருதுகிறார்கள்' என்று பெயரில்லாமல் எழுதும்போது சந்தேகப்படுங்கள். யார் அந்தச் சிலர்? பெயர், பக்க எண், அவர்களுடைய சொந்தச் சொற்கள் ஆகிய மூன்றையும் தேடிப் போனால் பெரும்பாலும் அவர்கள் அவ்வளவு எளிமையாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பெரியவர் சொன்னார் என்பது சான்றாகுமா? அந்தத் துறையில் பலர் ஒத்துக்கொண்ட விஷயத்தில், அந்தத் துறை அறிஞரை மேற்கோள் காட்டுவது முறையானதே. எல்லாவற்றையும் நாமே சோதிக்க முடியாது. லைனஸ் பாலிங் வேதியியலுக்கு 1954-லும் அமைதிக்கு 1962-லும் நோபல் பரிசு பெற்றவர். அதிக அளவு வைட்டமின் சி எடுத்துக்கொண்டால் சளி வராது என்று 1970-களில் தீவிரமாகப் பரப்பினார். பின்னர் நடந்த சோதனைகளில் பொதுமக்களிடம் சளி வருவதை அது குறைத்ததாகத் தெரியவில்லை. பரிசு உண்மை, மேதைமையும் உண்மை. வைட்டமின் பற்றிய கூற்றை அவை இரண்டும் தாங்கவில்லை.

மொத்தத்தைப் பார்த்து உட்பகுதிகளைப் பற்றி முடிவு செய்வது, எண்களோடு வேலை செய்பவர்களைத் தவறாமல் பிடிக்கும் பொறி. 1973-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் சுமார் 44 சதவீதம் பேருக்கும் பெண்களில் சுமார் 35 சதவீதம் பேருக்கும் இடம் கிடைத்தது. பாரபட்சம் என்றுதான் தோன்றும். துறை துறையாகப் பிரித்துப் பார்த்தபோது பெண்களுக்கு எதிரான அந்த இடைவெளி பெரும்பாலான துறைகளில் இல்லை. துறைக்குத் துறை உள்ள வேறுபாட்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பெண்கள் பக்கம் சிறிய சாய்வுகூடத் தெரிந்தது. இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள் என்பதே விஷயம். 1975-ல் சயன்ஸ் இதழில் இந்த ஆய்வு வந்தது. ஆனால் இங்கேயும் எல்லையைக் கவனியுங்கள். சேர்க்கைக் குழுக்கள் பற்றி இந்தத் தரவு பேசுகிறது. பெண்கள் ஏன் அந்தத் துறைகளுக்குப் போனார்கள், அதற்கு முன் அவர்களுக்கு என்ன நடந்தது என்பது வேறு கேள்வி.

'வேறுபாடு காணப்படவில்லை' என்பதை 'வேறுபாடு இல்லை' என்று மாற்றி எழுதுவது இன்னொன்று. பன்னிரண்டு பேரைச் சோதித்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்றால், தெரிய வாய்ப்பே இல்லாத அளவுக்குச் சிறிய சோதனை என்றுகூடப் பொருளாகலாம். இதன் மறுபக்கமும் உண்டு: பல்லாயிரம் பேரை வைத்துச் சோதித்தால் ஒன்றுக்கும் உதவாத நுண்ணிய வேறுபாடுகூடப் புள்ளியியல் கணக்கில் தேறிவிடும். எவ்வளவு வேறுபாடு என்று எழுதாமல், வேறுபாடு உண்டு என்று மட்டும் எழுதும் கட்டுரையை நம்பாதீர்கள்.

'ஒன்று இது, இல்லையென்றால் அது' என்று இரண்டே வழி காட்டுவது, ஒன்றை அனுமதித்தால் அடுத்தடுத்து எல்லாம் சரியும் என்று பயமுறுத்துவது, பிடித்த உதாரணங்களை மட்டும் பொறுக்குவது ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. நடுவில் விட்ட வாக்கியத்தை எழுதினாலே வெளியே வந்துவிடும்.

பிறர் எழுத்தில் பிழையைச் சுட்டும்போது

ஒருவர் சொன்ன காரணம் தவறு என்பதால் அவருடைய முடிவும் தவறு என்று ஆகிவிடாது. உண்மையான முடிவுக்கே ஓட்டை வாதம் சொல்பவர்கள் ஏராளம். அதனால் 'இவர் கூற்று பொய்' என்பதற்கும் 'இவர் தந்த சான்று இந்தக் கூற்றைத் தாங்கவில்லை' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எழுத்தில் காப்பாற்றுங்கள்.

பிழையின் பெயரை முத்திரை மாதிரிக் குத்துவதையும் நான் விரும்புவதில்லை. 'இங்கே ஆசிரியர் அவசரப் பொதுமைப்படுத்தல் செய்கிறார்' என்று எழுதினால் நீங்கள் பட்டியல் படித்தவர் என்பது மட்டும்தான் தெரியும். 'ஆசிரியர் ஆராய்ந்த கடிதங்கள் எல்லாம் படித்த, வசதியான குடும்பங்களுடையவை. ஆனால் முடிவுரையில் அந்தக் காலத்துக் குடும்பங்கள் என்றே பேசுகிறார்' என்று எழுதினால், எங்கே அறுந்தது என்று வாசகருக்குத் தெரியும், ஆசிரியரும் பதில் சொல்ல முடியும்.

கடைசியாகத் திருத்தும்போது

வரைவை ஒரு நாளாவது தள்ளி வைத்துவிட்டு, அச்செடுத்துப் படியுங்கள். ஆகவே, எனவே, இதனால், ஏனெனில் ஆகிய சொற்களை எல்லாம் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஓரத்தில் அந்த இணைப்பு வாக்கியத்தைப் பென்சிலில் எழுதுங்கள். எழுத முடியாத இடத்தில் வாதம் இல்லை, அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வாக்கியங்கள்தான் இருக்கின்றன. 'சந்தேகத்துக்கு இடமில்லை', 'அனைவரும் அறிந்ததே', 'சொல்லத் தேவையில்லை' ஆகியவற்றுக்கு வேறு நிறத்தில் கோடு போடுங்கள். சான்று தீர்ந்துபோன இடத்தில்தான் இவை முளைக்கும். மேலே நானும் ஒன்றைப் பயன்படுத்தியிருக்கிறேன், தேடிப் பாருங்கள்.

பிறகு ஒவ்வொரு பத்தியையும் ஒரு வரியில் சுருக்கி, அந்த வரிகளை மட்டும் வரிசையாகப் படியுங்கள். எந்த வரியை எடுத்துவிட்டாலும் முடிவு அசையவில்லையோ அந்தப் பத்தி வாதத்தில் சேரவில்லை. அது எவ்வளவு உழைத்துச் சேர்த்த தகவலாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள், அல்லது அடிக்குறிப்புக்கு அனுப்புங்கள்.

ஓரத்தில் எழுதிய வாக்கியங்களில் சான்று கிடைக்காமல் நின்றவை சில மிஞ்சும். அவற்றை அழிக்க வேண்டாம். ஆய்வின் வரம்புகள் என்ற பகுதிக்கான சரக்கு அதுதான். 'நேரமும் இடமும் போதாமையால் இந்த ஆய்வு முழுமையானதல்ல' என்று எல்லா ஆய்வேட்டுக்கும் பொருந்தும் ஒரு வரியை அங்கே வைப்பதைவிட, 'மாணவர்கள் தங்கள் தூக்க நேரத்தை நினைவிலிருந்து சொன்னார்கள். கைபேசி அதிகம் பார்ப்பவர்கள் தூக்கத்தைக் குறைத்துச் சொல்லும் வழக்கம் உள்ளவர்களாக இருந்தால் எங்கள் முடிவு பலவீனப்படும்' என்று எழுதுங்கள். உங்கள் கட்டுரையைத் தொடர்ந்து ஆராய வருபவர் முதலில் சோதிக்க வேண்டியது எது என்பது அவருக்கு அதிலேயே கிடைத்துவிடும்.